கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் இணையம்: ஊரளவில் என்ன செய்யலாம்?

கேள்வி
எழுதியவர்: மாலை வகுப்பு ஆசிரியை, செஞ்சி வட்டம்

அனைவருக்கும் வணக்கம். செஞ்சி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். 11 குடும்பங்களைச் சேர்ந்த 19 பிள்ளைகள் வருகிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் உண்டு, கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கும் பெண்ணும் உண்டு. பெற்றோர் பெரும்பாலும் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ கூலிக்குப் போகிறவர்கள். எல்லா வீட்டிலும் ஒரு கைபேசி இருக்கிறது. இரண்டாவது கைபேசி உள்ள வீடுகள் இரண்டுதான்.

அந்த ஒரு கைபேசியும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அப்பாவோடு சூளைக்குப் போய்விடுகிறது. இரவு எட்டு மணிக்கு அது வீடு திரும்பும்போது பேட்டரியில் உயிர் இருக்காது. சார்ஜில் போட்டபடியே, திரையின் உடைந்த மூலையில் ஒட்டியிருக்கும் செல்லோடேப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அக்காளும் தம்பியும் முறை வைத்து வீட்டுப்பாடத்துக்கு வேண்டியதைத் தேடுகிறார்கள். அதுவும் ரீசார்ஜ் இருக்கும் நாளில்தான்.

சென்ற மாதம் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பாதியில் ஓடிபி அப்பாவின் எண்ணுக்குப் போக வேண்டும். அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் முடிந்து பல நாள் ஆகியிருந்ததால் குறுஞ்செய்தி வந்து சேரவில்லை. கூலி சனிக்கிழமைதான் கைக்கு வரும், கடைசித் தேதியோ வெள்ளிக்கிழமை. நான் பக்கத்தில் இருந்ததால் பணம் போட்டு முடித்துக் கொடுத்தேன். ஆனால் நான் இல்லாத வீடுகளில் இது எப்படி முடிந்திருக்கும் என்ற நினைப்பு இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை.

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கல்லூரி மாணவர் 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு தரும் அட்டையைத் தமிழக அரசு கொடுத்தது நினைவிருக்கலாம். அது கொரோனா காலத்து இணையவழி வகுப்புக்கானது, நான்கு மாதத்தோடு முடிந்துவிட்டது. இப்போது அதைப் போல எதுவும் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. எனவே அறிந்தவர்களிடம் கேட்கிறேன். என் வீட்டில் ஒரு ஃபைபர் (கண்ணாடி இழை) இணைப்பு வாங்கி, கடவுச்சொல்லை 11 வீட்டுக்கும் கொடுத்து, செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாமா? அது சட்டப்படி சரியா? இதைவிட நல்ல வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒரு வீட்டால் 100 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது என்பதை மனத்தில் வைத்துச் சொல்ல வேண்டுகிறேன்.


மறுமொழி 1
எழுதியவர்: தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர், விழுப்புரம்

அம்மா, வணக்கம். முதலில் அந்த ஓடிபி விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எல்லாரும் தரவைப் பற்றியே பேசுகிறோம், எண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, பள்ளிப் பதிவு எல்லாம் ஒரே எண்ணில்தான் கட்டப்பட்டிருக்கும். அந்த எண் உயிரோடு இருப்பது ஒரு தேவை, பிள்ளை படிக்கத் தரவு கிடைப்பது வேறொரு தேவை. இரண்டையும் ஒரே ரீசார்ஜில் போட்டுக் கட்டியிருப்பதால்தான் ஏழைக்குச் செலவு தாங்கவில்லை.

தனியார் நிறுவனங்களில் நாள்தோறும் தரவு தரும் சாதாரணத் திட்டம் 28 நாளுக்கு 300 ரூபாயை ஒட்டி இருக்கிறது. மாதம் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் 28 நாள் கணக்கில் ஆண்டுக்கு 13 முறை போட வேண்டும். ஆக ஒரு கைபேசிக்கு ஆண்டுக்கு 3,900 ரூபாய், உங்கள் 11 வீட்டுக்கும் சேர்த்து 42,900 ரூபாய். 30 நாள் திட்டம் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றுமாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியிலேயே உத்தரவிட்டது. கடைக்காரர் தாமாகச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அதே ஆணையம் 2024 டிசம்பரில் இன்னொரு உத்தரவும் போட்டது. தரவு வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள ரீசார்ஜ் தனியாகக் கிடைக்க வேண்டும், அதன் காலம் 365 நாள் வரை இருக்கலாம் என்பது அது. 84 நாளுக்கு 450 ரூபாயை ஒட்டி அப்படிப்பட்ட ரீசார்ஜ்கள் வந்திருக்கின்றன. அப்பாவின் எண்ணுக்கு அதைப் போட்டால் ஆண்டுக்கு 2,000 ரூபாய்க்குள் முடியும், ஓடிபியும் தவறாது. விலை அடிக்கடி மாறுவதால் போடும் நாளில் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. வீட்டு ஃபைபர் இணைப்பு 30 எம்பிபிஎஸ் வேகத்தில் மாதம் 400 முதல் 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 450 ரூபாய்த் திட்டம் என்றால் கையை விட்டுப் போவது 531 ரூபாய். உங்கள் வகுப்பு நடக்கும் இடத்திலேயே அந்த இணைப்பை வைத்து, வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அங்கேயே அமர்ந்து பயன்படுத்தினால் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் வீட்டுத் திட்டத்தை வாங்கி, 11 வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்து, பணமும் வசூலித்தால் அது இணைய விற்பனை ஆகிவிடும். வீட்டுத் திட்டத்தின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. அதைவிட முக்கியமானது, அந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும் முதலில் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நல்லது செய்யப் போய் நீங்கள் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கென்றே முறையான வழி ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி திட்டம் அது. பழைய எஸ்டிடி பூத் உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் தொலைபேசி இல்லாதவர்களுக்கு அந்த மஞ்சள் பலகைக் கடை என்ன செய்ததோ, அதை இணையத்துக்குச் செய்வதுதான் நோக்கம். டீக்கடை, மளிகைக் கடை, உங்களைப் போன்ற தனி ஆள் என யாரும் பொதுத் தரவு மையம் வைக்கலாம். அதை பிடிஓ என்பார்கள். உரிமம் வேண்டாம், தொலைத்தொடர்புத் துறையில் பதிவும் வேண்டாம், கட்டணமும் இல்லை. பிடிஓஏ என்ற தொகுப்பாளர் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்துகொள்ள வேண்டும். பயனாளர் யார் என்று சரிபார்ப்பதும், கணக்கு வைப்பதும் அவர்கள் பொறுப்பு. ஆகையால் நான் மேலே சொன்ன பொறுப்புச் சிக்கல் உங்கள் தலையில் விழாது.

பல ஆண்டுகள் இத்திட்டம் சோர்ந்து கிடந்ததற்குக் காரணம், பிடிஓ வைப்பவர்களிடம் இணைய நிறுவனங்கள் விலை உயர்ந்த வணிக இணைப்பைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லி வந்ததுதான். 2025 ஜூனில் டிராய் அதற்கு வரம்பு கட்டியது. 200 எம்பிபிஎஸ் வரையுள்ள வீட்டு ஃபைபர் திட்டங்களை, வீட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மிகாமல் பிடிஓக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. உங்கள் ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 450 ரூபாயின் இரு மடங்கு 900, ஜிஎஸ்டியோடு 1,062 ரூபாய். 11 வீடு பங்கிட்டால் வீட்டுக்கு 97 ரூபாய்கூட வராது. நீங்கள் சொன்ன 100 ரூபாய்க்குள் இது அடங்குகிறது.

வீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வைஃபை பெட்டி திறந்த வெளியில் ஐம்பது அறுபது மீட்டர் தாராளமாக எட்டும். கூரை வீட்டுக்குள் சிக்னல் நன்றாகவே நுழையும். தகரக் கொட்டகைக்குள்ளும் கான்கிரீட் சுவருக்குப் பின்னாலும் நுழையத் திணறும். பழைய கைபேசிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும் என்பதால் பெட்டியில் அதை அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பாரத்நெட் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் பணியை டான்ஃபினெட் என்ற தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் செய்து வருகிறது. உங்கள் ஊராட்சி அலுவலகத்திலோ கிராம சேவை மையத்திலோ அதற்கான இரும்புப் பெட்டியும் யுபிஎஸும் வந்து நிற்கின்றனவா, விளக்கு எரிகிறதா என்று ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். கம்பி ஊர் வரை வந்துவிட்டது என்றால் தனியாருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.


மறுமொழி 2
எழுதியவர்: ஜெராக்ஸ் கடை நடத்துபவர், திருத்துறைப்பூண்டி

ஐயா சொன்ன பிஎம்-வாணி மையத்தை ஓராண்டுக்கும் மேலாக என் கடையில் நடத்தி வருகிறேன் என்பதால் நடைமுறையை எழுதுகிறேன்.

தொடங்கும்போது நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கடைக்கு ஏற்கெனவே இணைப்புக் கொடுத்திருந்த நிறுவனத்தின் ஆளிடம் விஷயத்தைச் சொன்னபோது, இதற்குத் தனிக் குத்தகை இணைப்புதான் வாங்க வேண்டும் என்றார். அதன் ஆண்டுக் கட்டணம் என் கடையின் ஆண்டு வாடகையைப் போலப் பல மடங்கு. மூன்று மாதம் அப்படியே கிடப்பில் போட்டேன். பிறகு தொகுப்பாளர் நிறுவனத்தார் டிராய் உத்தரவின் நகலை அனுப்பி வைத்தார்கள். அதை அச்செடுத்துக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போனேன். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி இரண்டு வாரம் இழுத்தார்கள், பிறகு சாதாரணத் திட்டத்தையே கூடுதல் கட்டணத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். எனவே அம்மா, நீங்கள் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். உத்தரவின் நகல் கையில் இருக்கட்டும்.

வைஃபை பெட்டிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதைச் சன்ஷேடின் அடியில், மழை படாமல், தெருவைப் பார்த்து மாட்டியிருக்கிறேன். முதல் முறை வருகிறவர் கைபேசியில் ஒரு செயலியை இறக்கி, எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டுப் பதிவு செய்ய வேண்டும். செயலியை இறக்கவே தரவு வேண்டுமே என்பதுதான் முதல் முட்டுக்கட்டை. அதற்காக என் சொந்தக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை இரண்டு நிமிடம் திறந்து விடுவேன். ஒரு முறை பதிவு செய்தால் போதும், பிறகு எந்த ஊரில் பிஎம்-வாணி மையம் இருந்தாலும் அதே பதிவில் இணையலாம். கூலிக்குப் போகிற வீடுகளில் மாதச் சந்தாவைவிட அன்றன்றைக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் கொடுத்து வாங்கும் சீட்டுத்தான் ஓடுகிறது. பணம் கையில் உள்ள நாளில் வாங்குகிறார்கள், இல்லாத நாளில் விட்டுவிடுகிறார்கள். கடன் சேர்வதில்லை.

கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் மாலை நேரம்தான் அதிகம் போகும், பிள்ளைகள் வருவதும் அதே நேரம். ஃபைபர் பெட்டிக்கும் வைஃபை பெட்டிக்கும் 12 வோல்ட் போதும் என்பதால் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டினேன். மூன்று மணி நேரம் தாங்குகிறது. கம்பி அறுவதைத்தான் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. சென்ற பருவத்தில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று கம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டது, அதற்கு முன்னால் அணில் கடித்து வைத்தது. இரண்டு முறையும் கம்பியை இணைக்க ஆள் வருவதற்கு நான்கு நாள் ஆயிற்று. உங்கள் ஊருக்கு இணைப்புக் கொடுக்கும் கேபிள்காரர் எந்த ஊரில் இருக்கிறார், அவரிடம் கம்பி இணைக்கும் இயந்திரம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டால் நான் பட்ட சிரமம் உங்களுக்கு வராது.


மறுமொழி 3
எழுதியவர்: ஓய்வு பெற்ற நூலகர், தருமபுரி மாவட்டம்

மேலே உள்ள இருவரும் சொன்னது மிகவும் பயனுள்ளது. ஆயினும் ஒன்றில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. கடை வாசலில் வைஃபை வைத்தால் அதைப் பயன்படுத்துவது பெரும்பாலும் இளைஞர்களும் ஆண்களுமாகத்தான் இருப்பார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் பதினொன்றாம் வகுப்புப் பெண் டீக்கடை வாசலில் நின்று விண்ணப்பம் நிரப்புவாளா? நிற்க வேண்டும் என்று நாம் விரும்பலாம், ஆனால் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். கம்பி எங்கே வருகிறது என்பதோடு, பெண்பிள்ளை அச்சமில்லாமல் ஒரு மணி நேரம் உட்காரும் இடம் எது என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். அந்த வகையில் அம்மாவின் வகுப்பறையே சிறந்த இடம்.

மக்கள் தங்கள் பணத்தில் ஏற்கெனவே கட்டி வைத்திருக்கும் இடங்கள் இரண்டு உண்டு, அவற்றையும் விட்டுவிட வேண்டாம். ஒன்று நூலகம். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்தியாவில் இவ்வகையில் வந்த முதல் சட்டங்களில் ஒன்று. அதன்படி இன்றும் நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்ந்து போகிறது. கிளை நூலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ கணினி இருக்கிறது, இணைப்பு இல்லை என்றால், வாசகர் வட்டத்தின் பெயரில் மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுங்கள். தனி ஒருவர் எழுதும் கடிதத்துக்கும், முப்பது வாசகர்கள் உறுப்பினர் எண்ணோடு கையெழுத்திட்ட கடிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மற்றொன்று பள்ளி. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் கணினியும் இணையமும் உள்ள உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் உள்ளன. நாலரை மணிக்கு மணி அடித்ததும் பூட்டிவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஆறு மணி வரை ஆய்வகத்தைத் திறந்து வைக்கலாமா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் கேட்கலாம். தலைமை ஆசிரியருக்குப் பொறுப்புக் குறித்த தயக்கம் இருக்கும், அது நியாயமானதும்கூட. பெற்றோரில் இருவர் உடன் இருப்பதாக எழுதிக் கொடுத்தால் தயக்கம் குறையும்.

ஊராட்சியில் கேட்பதற்கும் முறை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பாரத்நெட் பெட்டி வந்தும் இயங்கவில்லை என்றால் அதை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி, எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

இணைப்பு வரும் வரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. நம் பாடநூல்களில் அச்சாகியிருக்கும் கியூஆர் குறியீடுகள் தீக்‌ஷா என்ற அரசுக் கல்வித் தளத்தின் பாடங்களுக்குக் கொண்டுபோகும். அவற்றை ஒரு கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணையம் இல்லாமலே பார்க்கலாம், பக்கத்துக் கைபேசிக்கும் மாற்றிக் கொடுக்கலாம். யூடியூபில் ஒரு மணி நேரப் பாடத்தை 480பி தரத்தில் பார்த்தால் அரை ஜிபிக்கு மேல் போய்விடும். பத்துப் பிள்ளைகள் அதே பாடத்தைத் தனித்தனியே பார்த்தால் பத்து மடங்கு. ஒரு முறை இறக்கி, எல்லாரும் சேர்ந்து பார்க்கும்போது செலவு ஒருவருக்கானதுதான். நான் பணியில் இருந்தபோது சனிக்கிழமைதோறும் அந்த வாரப் பாடங்களை ஒரு பழைய கணினியில் இறக்கி வைத்துவிடுவேன். ஞாயிறு காலை பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கைபேசியோடு வந்து வரிசையில் நின்று ஏற்றிக்கொண்டு போவார்கள். சிலர் மெமரி கார்டை மட்டும் ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள்.


கேள்வி கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வீடுகள் ஒரே தெருவில் எதிரெதிராக இருக்கின்றன. கடைசி வீடு என் வீட்டிலிருந்து நடந்தால் எண்பது காலடி தூரம். ஐயா சொன்ன கணக்கை இரவு தாளில் எழுதிப் பார்த்தேன், பெரிய நிம்மதியாக இருந்தது. நூலகர் ஐயா பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதை என் மாணவியிடம் கேட்டேன். கடை வாசல் என்றால் தன்னால் வர முடியாது என்று அவளும் உடனே சொல்லிவிட்டாள்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. கேரளத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசே வீட்டுக்கு இலவச இணையம் கொடுப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா? மேலும், பிரதமர் பெயரில் மூன்று மாத இலவச ரீசார்ஜ் என்று ஒரு சுட்டி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பெற்றோர் இருவர் அதைத் தொட்டுவிட்டார்கள்.


மறுமொழி 4
எழுதியவர்: பாலக்காட்டில் பணிபுரியும் கோவைக்காரர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது அவசரமானது. அந்தச் சுட்டி பொய். இலவச ரீசார்ஜ் என்ற இதே மாதிரிச் செய்தியைப் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு பலமுறை மறுத்திருக்கிறது. தொட்டதோடு நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் பாதிப்பு இருக்காது. வங்கி விவரம், ஓடிபி, யுபிஐ பின் எதையாவது கொடுத்திருந்தாலோ, சுட்டி வழியாக ஏதேனும் செயலியை நிறுவியிருந்தாலோ உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு உண்டு. பணமில்லாத வீட்டில் இலவசம் என்ற சொல்லுக்கு எவ்வளவு ஈர்ப்பு என்பது இந்த மோசடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பெற்றோரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

கேரளத்தைப் பற்றிக் கேட்டது உண்மைதான். கே-ஃபோன் என்ற மாநில அரசின் கண்ணாடி இழை வலையமைப்பு 2023 ஜூன் 5 அன்று முறைப்படி தொடங்கப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு. முதற்கட்டமாக 140 சட்டமன்றத் தொகுதிகளிலும் தொகுதிக்கு 100 வீடு என 14,000 வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். 20 லட்சத்துக்கும் 14,000-க்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எல்லா ஏழை வீட்டிலும் ஏற்கெனவே இலவச இணையம் இருப்பதாக நம் பக்கம் பேசிக்கொள்வது சரியல்ல. ஆனாலும் இணையத்தைக் குடிநீரைப் போல வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய ஒன்றாக ஓர் அரசு ஏற்றுக்கொண்டதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். இதற்கு முன்பே, 2019 செப்டம்பரில், விடுதியில் கைபேசிக்குக் கட்டுப்பாடு விதித்ததை எதிர்த்து ஃபஹீமா ஷிரின் என்ற கல்லூரி மாணவி தொடர்ந்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாடு முழுவதற்குமான ஒரு கணக்கையும் சொல்ல விரும்புகிறேன். 2017-18-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வில் கிராமப்புற வீடுகளில் 14.9 விழுக்காட்டில்தான் இணைய வசதி இருந்தது. 2025-இன் தொடக்கத்தில் எடுத்த ஆய்வில், நகரத்தையும் கிராமத்தையும் சேர்த்து, வீட்டில் இணைய வசதி உள்ள குடும்பங்கள் 86.3 விழுக்காடு. இந்த எண்ணைப் பார்ப்பவர்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். அம்மா எழுதிய வீட்டில், ஐந்தரை மணிக்குச் சூளைக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்பும் அந்தக் கைபேசியும் இப்படிப்பட்ட கணக்கில் இணையம் உள்ள வீடாகத்தான் நிற்கும். பிள்ளை படிக்கும் நேரத்தில் அது வீட்டில் இருந்ததா என்பதை அந்த எண் சொல்லாது.

பணம் இல்லாததால் இது நடக்கவில்லை என்றும் நான் நம்பவில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காடு, வசதி எட்டாத பகுதிகளுக்கென்று ஒரு தனி நிதிக்குப் போகிறது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. சூளைத் தொழிலாளி போடும் 300 ரூபாய் ரீசார்ஜிலிருந்தும் அதற்குப் பங்கு போகிறது. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டத்தில் ஐந்தாண்டுகளில் 1.5 கோடி கிராமப்புற வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனவே கிராம சபையில் கேட்கும்போது இரக்கத்தை வேண்டுவதுபோல் கேட்காதீர்கள். உங்கள் ஊர் தன் பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறது.


கேள்வி கேட்டவரின் இறுதிக் குறிப்பு

நேற்று மாலை வகுப்பு முடிந்தபின் பெற்றோர் வந்திருந்தார்கள். பேசி முடிவு செய்ததை எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

முதலில் வகுப்பறைக்கு மட்டும் ஒரு வீட்டுத் திட்டம். அந்த 531 ரூபாயை மூன்று மாதத்துக்கு நானும் என் தம்பியும் கட்டுகிறோம். அதற்குள் தொகுப்பாளர் நிறுவனம் ஒன்றோடு பேசி பிஎம்-வாணி மையமாக மாற்றிக்கொள்வது, அப்போதிருந்து வீட்டுக்கு 97 ரூபாய். பெட்டி மாட்டப்போவது என் வீட்டுத் திண்ணைத் தூணில். தெருவின் இரு முனையும் அங்கிருந்து தெரியும், பெண்பிள்ளைகள் திண்ணையிலேயே உட்காரலாம். அப்பாக்களின் எண்ணுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள ரீசார்ஜ் போட ஏழு வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். நான்கு வீட்டார், சூளையில் மதிய நேரத்தில் தாங்களும் ஏதாவது பார்க்க வேண்டும் என்று சொல்லித் தரவை விட மனமில்லாமல் இருக்கிறார்கள். நாள் முழுவதும் செங்கல் சுமப்பவர்கள் அவர்கள், நான் வற்புறுத்தவில்லை.

சுட்டியைத் தொட்ட இருவரில் ஒருவர் ஏதோ செயலியை நிறுவியிருந்தார். அதை நீக்கிவிட்டு, வங்கிக்குப் போய்க் கணக்கைச் சரிபார்த்து வந்தோம், பணம் போகவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் அந்த இரும்புப் பெட்டி இருக்கிறது. மேலே பழைய வாக்காளர் பட்டியல் கட்டு வைத்திருக்கிறார்கள், விளக்கு எதுவும் எரியவில்லை. செயலரிடம் கேட்டேன், சாவி தன்னிடம் இல்லை என்றார். அடுத்த கிராம சபைக்கு மனுவை நூலகர் ஐயா சொன்னபடியே எழுதி, 11 வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம். கைநாட்டு வைப்பவர்கள் மூவர், அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பிள்ளைகளே பெயரை எழுதிக் கொடுக்கிறார்கள். கேபிள்காரரிடம் கம்பி இணைக்கும் இயந்திரம் இருக்கிறதா என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை. ஞாயிறன்று அவர் ஊருக்கு வரும்போது கேட்டு இங்கே எழுதுகிறேன்.